எதிர் நடைபாதை

"அக்கா, விசில்காரரை இன்னும் காணோமே!"

ரொட்டிக்கடைக்காரர் கழுத்தை நீட்டி எதிர் நடைபாதையை ஒருமுறைக்கு இருமுறை பார்த்தார். மணி ஐந்தடித்துவிட்டது.

"வரமாட்டார்" என்றாள் தையலக்கா, துணிப் பதாகையின் ஒரு முனையை அவர் கையில் திணித்தபடி. "இன்னிக்கு வரவே மாட்டார். நீங்க இழுத்துப் பிடிங்க, எழுத்து சுருங்குது."

"அவரா வராம இருப்பார்? காய்ச்சலோட கம்பளியைப் போத்திக்கிட்டு வந்து நின்ன மனுஷனாச்சே!"

"வரமாட்டார்னு சொல்றேன்ல?"

 அக்காவுக்கு மனசு இறக்கை கட்டிப் பறந்தது. இன்று நூற்றைம்பதாவது சனிக்கிழமை. எல்லையில் போர் மூண்டதிலிருந்து, மழையோ வெயிலோ, வாரம் தவறாமல் மாலை ஐந்து முதல் ஆறு வரை இந்தத் தெருமுனையில் பத்துப் பேர் நிற்கிறார்கள். 'போரை நிறுத்து' என்ற பதாகை அவள் தைத்தது. கூட்டமும் அவள் சேர்த்ததுதான்.

அதே ஒரு மணி நேரம் எதிர் நடைபாதையில் விசில்காரர் நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு, 'முதலில் வெற்றி, பிறகு பேச்சு' என்ற அட்டையோடு குத்துக்கல்லாக நிற்பார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையை விட்டாலும் விசிலை விடவில்லை.

போன வருஷம் இப்படித்தான் ஒரு பத்திரிகையிலிருந்து வந்தார்கள். கேமராவைத் தூக்கிய நேரம் பார்த்து மனிதர் ஊதினார் பாருங்கள் ஒரு ஊது, நிறுத்தத்தில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்த பஸ் கிளம்பியேவிட்டது! மறுநாள் பேப்பரில் விசில்காரர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். இந்தப் பக்கத்திலிருந்து தையலக்காவின் முழங்கை மட்டும் வந்திருந்தது. அந்த முழங்கையைப் பார்த்துப் பார்த்து அவள் இரண்டு நாள் அழுதாள்.

இன்று வருவது தலைநகரத்துப் பெரிய பத்திரிகை. இதையும் கோட்டைவிட்டால், இந்தச் சின்ன ஊரை இனி யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்?

கைப்பைக்குள் போன் மறுபடியும் அதிர்ந்தது. பதினோராவது தடவை. அவள் எடுக்கவில்லை. சாவிக்கொத்து பத்திரமாக இருக்கிறதா என்று மட்டும் பையை வெளியிலிருந்து தடவிப் பார்த்துக்கொண்டாள்.

எதிரே அந்த நான்கு பேரும் கொஞ்ச நேரம் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். அச்சாணி கழன்ற வண்டி எவ்வளவு தூரம் ஓடும்? ஐந்தேகாலுக்கு ஒவ்வொருவராக நடையைக் கட்டினார்கள்.

"போயிட்டாங்கக்கா! ஜெயிச்சுட்டோம்!" ரொட்டிக்கடைக்காரர் துள்ளியதில் பதாகையே ஒரு குதி குதித்தது.

அடுத்த நிமிஷம் கார் வந்து நின்றது. கேமராவும் கையுமாக இறங்கிய நிருபர் சின்னப் பெண். படபடவென்று நாலு படம் எடுத்தாள். ஒன்றிலும் முழங்கை இல்லை, முழு அக்கா!

"எதிர்ப்பக்கம் ஒருத்தர் விசிலோட நிப்பாராமே, அவர் எங்கம்மா?"

"அவருக்கு... இன்னிக்கு வீட்டுல ஏதோ வேலையாம்."

"சரி, நீங்க பேசுங்க. அமைதி எப்படி வரும்னு நினைக்கிறீங்க?"

நான்கு நாள் உட்கார்ந்து எழுதிய காகிதத்தை அக்கா பெருமையாகப் பிரித்தாள். எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊர்ந்தது. கண்ணாடி! பையைக் கவிழ்க்காத குறையாகத் துழாவினாள். வந்த அவசரத்தில் வீட்டிலேயே வைத்துவிட்டாள்.

"மனசுல இருக்கறதைச் சொல்லுங்கக்கா" என்று ரொட்டிக்கடைக்காரர் காதருகே கிசுகிசுத்தார்.

அக்கா ஒரு மூச்சு இழுத்துக்கொண்டாள்.

"எதிராளி வாயை மூடிட்டா அமைதி வந்துடுமா? வராதும்மா. அவனுக்கும் ஒரு நியாயம் இருக்கும். கதவைத் திறந்து வெச்சு, எதிரும் புதிருமா உக்காந்து பேசணும். ஒருத்தனை அடைச்சு வெச்சுட்டு, பாரு, சத்தமே இல்லன்னா, அதுக்குப் பேரு அமைதியா?"

 பத்துப் பேரும் கை தட்டினார்கள்.

"பிரமாதம்! இதுதான் தலைப்பு!" நிருபர் பரபரவென்று எழுதிக்கொண்டாள்.

அக்காவின் கை தானாகப் பைக்குள் போய்ப் போனை எடுத்தது. எண்ணை அழுத்தப் போனபோதுதான் கேட்டது, அந்த விசில்.

தெருவே திரும்பிப் பார்த்தது. விசில்காரர் நொண்டிக்கொண்டே ஓடி வந்தார். சட்டை தோளில் கிழிந்திருந்தது, முழங்காலில் மண், ஒரு காலில் மட்டும் செருப்பு. எதிர் நடைபாதைக்குப் போகவில்லை. மூன்று வருஷத்தில் முதல் தடவையாகச் சாலையைக் கடந்து நேராக இந்தப் பக்கமே வந்தார்.

"போச்சு, சண்டைக்கு வர்றார்!" ரொட்டிக்கடைக்காரர் பதாகைக்குப் பின்னால் ஒதுங்கினார். கேமரா விடாமல் படம் பிடித்தது. 

மூச்சு வாங்க அவள் எதிரில் நின்றவர், சட்டைப் பையிலிருந்து ஒரு மூக்குக் கண்ணாடியை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"சார், இவங்க கண்ணாடி உங்ககிட்ட எப்படி வந்துச்சு?" நிருபர் கேமராவை இறக்கினாள்.

"தையல் மெஷின் மேல மறந்து வெச்சுட்டு வந்துட்டாம்மா. பேப்பரைப் பார்த்துப் படிக்க முடியாம நாலு பேர் முன்னால முழிப்பாளே!" என்றார் விசில்காரர், முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டே. "அதான் பின்ஜன்னல் வழியா குதிச்சு ஓடி வர்றேன். வாசல் வழியா எப்படி வர்றது? என் பொண்டாட்டிதான் என்னை உள்ளே வெச்சுக் கதவை வெளியில பூட்டிட்டு வந்துட்டாளே!"