அரை நிமிடம் முந்தி

காலை ஒன்பது மணிச் செய்தியில், நடுக்கடலில் இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்ட படகுகளின் எண்களை வாசிக்கப்போகிறார்கள். பிரெசில்லாவின் கணவன் டேவிட்ராஜ் போன படகு இன்னும் தங்கச்சிமடம் திரும்பவில்லை. புது லேப்டாப்பின், வெயில் பட்டு வெளுத்துத் தெரியும் திரையை, செல்போனைப் போல விரலால் தேய்க்கிறாள் பிரெசில்லா. "எழுத்துக்குக் கீழ இருக்க பட்டையில தேயிம்மா," என்கிறாள் மகள் ஷெரின். புதுப் படகுக்குத் தெளிப்பதுபோல், மாதா கோயிலில் மந்திரித்த தண்ணீரைச் சற்றுமுன் இதன்மேலும் தெளித்திருந்தாள் பிரெசில்லா. அம்புக்குறி ஈரத்தில் துள்ளுகிறது. ஷெரின் துப்பட்டாவால் துடைத்துச் சேனலைத் திறக்கிறாள். விளம்பரத்தில் சோப்பு நுரைக்கிறது. பக்கத்து வீட்டு ஜோதிமேரியின் டிவியில் இதே சேனல் அரை நிமிடம் முந்தி ஓடும். சுவருக்கு அந்தப்பக்கம் முணுமுணுத்துக்கொண்டிருந்த செய்திக்குரல் சட்டென்று நிற்கிறது. ஜோதிமேரி செருப்பில்லாமல் ஓடிவந்து வாசலில் நிற்கிறாள். "பிரெசி, அத அமத்திரு." எதை அழுத்தி அணைப்பதென்று பிரெசில்லாவுக்குத் தெரியவில்லை. திரையில் செய்தி வாசிப்பவள் இப்போதுதான் வணக்கம் சொல்கிறாள்.