கிரீஸ் பூசிய வடம்

கப்பலின் உயிர்காப்புப் படகைத் தாங்கும் இரும்பு வடத்தில் புரிகள் அறுந்து முள்முள்ளாக நின்ற இடம் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவன் கஸ்பார். இன்னொருவர் மாலுமிகளை வேலை வாங்கும் சாரங்கு. துறைமுகத்துப் பரிசோதனைக்கு முந்தின நாள் அவர்தான், "அங்கன கிரீஸ நல்லா அப்பிவுடுல. கை கறையாவும்னு ஆபீசர் தொடமாட்டான்" என்றார். கஸ்பார் ஒரு சாண் நீளத்துக்கு அப்பினான்.

வந்த ஆபீசர் வடத்தைத் தொடவில்லைதான். ஆளோடு படகைக் கடலில் இறக்கிக் காட்டச் சொல்லிவிட்டார். நாலு பேரோடு கஸ்பாரையும் ஏற்றினார்கள்.

மேல்தளத்தில் சாரங்கு வடம் சுற்றிய உருளையின் பிரேக்கைத் தளர்த்த, படகு அந்தரத்தில் இறங்கியது. எழுபது அடிக்குக் கீழே தண்ணீர். தலைக்கு மேலே, கிரீஸ் தடித்த அந்த ஒரு சாண் கப்பியை நோக்கி நகர்ந்து வந்தது.

"அண்ணாச்சி, நிப்பாட்டுங்க!" என்று சாரங்கைப் பார்த்துக் கத்தினான் கஸ்பார்.

படகே சிரித்தது. "மோண்டுராதல, என் காலு கீழதான் இருக்கு" என்றான் பக்கத்திலிருந்த தொம்மை. மேல்தளத்தில் நின்ற, மொழி புரியாத ஆபீசரும் சிரித்துக்கொண்டே, இறக்கு என்று கை காட்டினார்.

சாரங்கு சிரிக்கவில்லை. கஸ்பாரை ஒரு கணம் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு பிரேக்கை இன்னும் கொஞ்சம் தளர்த்தினார். கஸ்பார் தொம்மையின் கையை இறுகப் பிடித்தான். தொம்மை அப்போதும் சிரித்துக்கொண்டிருந்தான்.