செங்கல் சுவரிலிருந்து இறங்கியவர்கள்

நல்லூரில் அந்தப் பனியன் கம்பெனிக்கு, அவசரத்தில் இறங்குவதற்கென்று வெளியே ஓர் இரும்பு ஏணிப்படி இருந்தது. அதற்குப் போகும் கதவுதான் இல்லை. தொழிலாளர்கள் தைத்த பீஸ்களைத் திருடுவார்கள் என்று மேனேஜர் மோகன்ராஜ் மூன்றாம் மாடிக் கதவைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார். பாதுகாப்பு ஆடிட்டுக்கு வருகிறவர்கள் கீழே நின்று ஏணியைப் போட்டோ எடுப்பார்கள், டீ குடிப்பார்கள், போய்விடுவார்கள்.

"நிலம் ஆடுச்சுன்னா மூணாம் மாடியில இருக்கற முப்பது பேரும் எப்படிங்க சார் இறங்கறது?" என்று கேட்டாள் செக்கிங் பார்க்கும் நூர்ஜான்.

"மிஷின் ஆடறதெல்லாம் உங்களுக்கு நிலநடுக்கமாத் தெரியுதுங்களா? போய்ப் பீஸைப் பாருங்க" என்றார் அவர்.

அடுத்த ஆடிட்டுக்காகச் சனிக்கிழமை ஏணிக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்து, கம்பெனியைப் பூட்டினார்கள். திங்கள் காலை படியெங்கும் வெறுங்கால் தடங்கள். செங்கல் சுவரில் தொடங்கி எல்லாம் கீழ்நோக்கியே வந்தன. ஏறிய தடம் ஒன்றுகூட இல்லை. கீழே சிமென்ட் தரையில் அவை மூன்று வரிசையாக நின்றிருந்தன. நூர்ஜான் எண்ணினாள். முப்பது ஜோடி. அதில் ஒரு காலுக்கு நான்கே விரல்கள். அது டெய்லர் மயிலாளின் கால்.

மயிலாள் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தத் தடத்தில் நின்றாள். பிறகு ஒவ்வொருவராக மற்றத் தடங்களில் நின்றார்கள். எல்லோருக்கும் அளவு சரியாக இருந்தது.

"அங்க என்னங்க கும்மியாட்டம்? மேல வாங்க" என்று மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து மோகன்ராஜ் கத்தினார்.

"நீங்க கீழ வந்துருங்க சார்" என்றாள் நூர்ஜான். "ஆனா உங்களுக்கு இங்க இடம் போடலீங்க."

அவர் சிரித்தார். மிஷின்கள் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. அவர் கை வைத்திருந்த ஜன்னல் கண்ணாடி மட்டும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.