நாகவல்லி பேசி முடிக்கும் வரை

நாகவல்லி தண்ணீர் கேட்டாள். ஒரு மடக்குக் குடித்துவிட்டு மறுபடியும் ஆரம்பித்தாள்.

பேச்சில் தெருவிளக்கை முடித்துக் குழாயடிக்கு வந்திருந்தாள். குழாயடியிலிருந்து தெருநாய்களுக்குப் போனாள்.

பேரூராட்சித் தலைவர் கங்காதரன் நாற்காலியில் நெளிந்தார். காணும் பொங்கலன்று கூட்டம் போட்டதே, எதிர்த்துப் பேச ஆள் இருக்கக் கூடாது என்றுதான்.

ஏரிக்கரை இடுகாட்டை மூடி அங்கே கடைகள் கட்டும் தீர்மானம். தொண்ணூற்றாறில் தேர்தலில் ஜெயித்து வந்ததிலிருந்து அவர் அதைக் கொண்டுவருவதும், நாகவல்லியின் கட்சிக்காரர்கள் எதிர்த்துப் பேசி இழுத்தடிப்பதுமாகவே போய்க்கொண்டிருந்தது. பண்டிகை நாளென்றால் அவர்கள் பெண்டு பிள்ளைகளோடு கடற்கரைக்கோ திருவேற்காட்டுக்கோ போயிருப்பார்கள். சத்தமில்லாமல் நிறைவேற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டார்.

கணக்குத் தப்பவில்லை. எதிரணியில் வந்தது அவள் ஒருத்திதான்.

ஆனால் பேச எழுந்தவள் உட்காரவில்லை.

உறுப்பினர் பேசும்போது தலைவர் எழுந்து போனால் கூட்டம் கலைந்துவிடும். துணைத்தலைவரை உட்கார வைக்கலாமென்றால், அவர் மாமியார் வீட்டுப் பொங்கலுக்கு வேப்பம்பட்டு போயிருந்தார்.

முதலில் கங்காதரனின் ஆட்கள் மேசையைத் தட்டிக் கூச்சல் போட்டார்கள். அவள் குரலை உயர்த்தவில்லை. இடுகாட்டில் யார் யார் எங்கே படுத்திருக்கிறார்கள் என்று சொல்லத் தொடங்கினாள். வேலிகாத்தான் முள்மரத்தோரம் இன்னார், கிணற்றடியில் இன்னார். உயிரோடு இருப்பவர்களின் விலாசம் சொல்வதுபோலச் சொன்னாள்.

வெயில் ஜன்னலை விட்டு இறங்கியது.

அப்போது யாரோ பின்பக்கமாக வந்து, கடைசி பெஞ்சு உறுப்பினரின் காதில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

அந்த உறுப்பினர் கங்காதரனைப் பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்தவரிடம் குனிந்தார். அவரும் கங்காதரனைப் பார்த்தார். பார்த்த வேகத்தில் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

முணுமுணுப்பு பெஞ்சு பெஞ்சாக முன்னால் வந்தது. அது வந்த இடமெல்லாம் கூச்சல் அடங்கியது.

முன்வரிசையில் இருந்த சண்முகசுந்தரத்துக்குக் கங்காதரன் கண்ணைக் காட்டினார். எதற்கும் முதல் ஆளாகத் துள்ளி எழுகிறவன், கூடப் படித்தவன். இன்று விரல் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கங்காதரனுக்குச் சந்தேகம் வந்தது. விலைக்கு வாங்கிவிட்டார்களா? எல்லோரையுமா?

பியூனைக் கூப்பிட்டு டீ கேட்டார். பியூன் அவர் முகத்தையே பார்த்தபடி நின்றான். பிறகு ஒரு தம்ளர் தண்ணீர் மட்டும் கொண்டுவந்து வைத்தான்.

வெளியே காணும் பொங்கல் மாதிரியே இல்லை. அவர் பிறந்து வளர்ந்த ஏரிக்கரைக் காலனியில் மைக்செட் பாடவில்லை. நாகவல்லியின் குரல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் வேறு யாரையும் பார்க்கவில்லை. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைப் பார்ப்பதுபோல அவரை மட்டும் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"போதும்மா. இன்னும் இன்னாதான் கீது உனக்குப் பேச?"

"கொஞ்சந்தான் தலைவரே. கொஞ்சம் குந்திகினு இருங்க."

அவள் குரல் கெஞ்சியது. சொல்ல விஷயம் தீர்ந்து தெருவிளக்குக்கே திரும்பினாள். சொன்னதையே மறுபடி சொன்னாள். ஒருவர்கூட ஆட்சேபிக்கவில்லை.

பொழுது சாயும்போது அவள் கணவன் வாசலில் வந்து நின்றான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. உள்ளே வரவில்லை.

நாகவல்லி பாதி வாக்கியத்தில் நிறுத்தினாள்.

"அவ்ளோதான். தீர்மானத்தப் போட்டுக்குங்க."

உட்கார்ந்தாள்.

கங்காதரனால் நம்ப முடியவில்லை. அவள் மனசு மாறுவதற்குள் முடித்துவிட வேண்டும். தீர்மானத்தை மூச்சுவிடாமல் படித்தார். ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்று சொல்லி, வழிகாட்டுவதுபோலத் தன் கையை முதலில் தூக்கினார்.

வேறு ஒரு கையும் எழவில்லை.

"இன்னாய்யா ஆச்சு உங்களுக்கெல்லாம்?"

சண்முகசுந்தரம்தான் வாயைத் திறந்தான். "ஊட்டுக்குப் போயி தல முழுகு மச்சான்."

"யாருக்குடா?"

நாகவல்லி எழுந்து மேசையருகே வந்தாள். இப்போது தலைவரே என்று கூப்பிடவில்லை.

"காத்தால உங்கம்மா பூட்டாங்கண்ணா. இடுகாட்ட மூடப்போறேன்னு நீ சொன்ன அன்னிலேர்ந்து உன்னாண்ட பேசாம, காலனி ஊட்லயே தனியாக் கெடந்தாங்களே. உனக்குத் தெரிஞ்சா உன் பெரிய ஊட்டுக்குத் தூக்கினு போயி ஊரைக் கூட்டி எரிச்சிடுவியோன்னு பயந்தாங்க. உங்க நைனா பக்கத்துலதான் வெக்கணும்னு என் கையில சத்தியம் வாங்கினாங்க. வெச்சாச்சு. எங்க ஊட்டுக்காரர்தான் மண்ணு தள்ளினாரு. அதுவரிக்கும் உன்ன இந்த நாற்காலியில குந்த வெக்கத்தான் பேசினேன்."



தூக்கிய கையை இறக்கவும் கங்காதரனுக்குத் தோன்றவில்லை. கூட்டக் குறிப்பு எழுதும் எழுத்தர், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்த ஒரு கையை எண்ணுவதா வேண்டாமா என்று காத்திருந்தார்.