கூட்டைக் கேட்ட கயிறு

தூக்கணாங்குருவி பாதிக் கூட்டைக் கட்டி எல்லோருக்கும் காட்டும். பிடித்துப்போய்ப் பெட்டை வந்த பிறகுதான் மீதியை முடிக்கும். அந்தப் பழக்கத்தில், கூட்டுக்குள் மூன்று முட்டைகள் வந்த பிறகும் ஓர் ஆண் குருவி, படம் பகிரும் செயலியில் தினமும் கூட்டைப் போட்டுக்கொண்டிருந்தது.

“அழகோ அழகு! எந்த மரம், தம்பி?” என்று ஒருவர் கேட்டிருந்தார். குருவி பூரித்துப்போய், இடத்தைக் காட்டும் பொத்தானை அழுத்தப் போனது.

பக்கத்து மரத்து அணில் எட்டிப் பார்த்தது. “நிறுத்து மச்சான்! யாரு இவன்?”

“தெரியாது. ஆனா முதல் லைக் எப்பவும் இவரோடதுதான்.”

அந்த ஆளின் முகப்பில் சுருட்டிவைத்த கயிறு ஒன்றின் படம் இருந்தது. அணில் அதைப் பெரிதாக்கியது. கயிற்றின் நுனியில் இரண்டு கண்கள் தெரிந்தன.

“ஐயோ, சாரைப்பாம்பு!” என்று குருவி அலறியது.

“செயலிக்காரனுக்குப் பாம்பும் வாடிக்கையாளர்தான். கணக்கோட கதவைத் திறந்துபோட்டுத்தான் நம்ம கையில குடுப்பான், பூட்டுறது நம்ம பாடு” என்று அணில் கசப்புடன் சொன்னது.

இருவரும் செயலியின் அமைப்புகளுக்குள் போனார்கள். பாம்பைத் தடுத்தார்கள். தெரிந்தவர்கள் மட்டும் பார்க்கும்படி கணக்கை மாற்றினார்கள். இருப்பிடத்தை அணைத்தார்கள்.

முட்டைகள் பொரிந்த அன்று குருவி பறந்துவந்தது. “மூணு பிள்ளைங்களும் உன்னாலதான் மச்சான். நன்றி சொல்லி உன் படத்தைப் போடட்டுமா?”



“பூங்காவுல எத்தனையோ பேர் என்னைப் படம் பிடிச்சுப் போட்டிருக்காங்க. போடட்டுமான்னு கேட்டது நீ ஒருத்தன்தான்” என்று சொல்லி, அணில் வாலை நீவிவிட்டுக்கொண்டு படத்துக்கு நிமிர்ந்து உட்கார்ந்தது.