எண்ணூற்றைம்பது டிகிரி

"அய்யோ, உருகிடுமே! கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்களேன்!"

எடைமேடை அறைக்குள் மூச்சிரைக்க ஓடிவந்தாள் அந்தப் பெண்.

குப்பையை எரித்துக் கரண்ட் எடுக்கிற ஆலை அது. வண்டிகளை எடை போட்டு உள்ளே அனுப்புகிற கிளார்க், வேலைக்குச் சேர்ந்து மூன்றே நாள் ஆனவள். பதறிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"முதல்ல உட்காருங்கக்கா. என்ன ஆச்சு?"

"பாத்திரம் தேய்க்கறதுக்காக வளையலைக் கழட்டிக் காகிதத்துல மடிச்சு வெச்சேன். பாழாப்போன மறதி, குப்பையோட சேர்த்துப் போட்டுட்டேன். எங்கம்மா சாகறதுக்கு முன்னாடி என் கையில போட்டுவிட்டது. அவங்க ஞாபகமா என்கிட்ட வேற ஒண்ணுமே இல்லை."

கிளார்க் உடனே இன்டர்காமை அழுத்தினாள்.

"சார், அரைமணி நேரம் கிரேனை நிறுத்துங்க. பாவம், ஒரு அக்காவோட வளையல் குப்பைக்குழியில கிடக்கு. ஆளை இறக்கித் தேடிடலாம்."

"குப்பையை அள்ளிப் போடற கிரேன் நின்னா அடுப்பு பட்டினிம்மா." அடுப்பு இன்சார்ஜின் குரல். "சூடு எண்ணூத்தம்பது டிகிரிக்குக் கீழே இறங்கினா, புகையோட விஷமும் சேர்ந்து வெளியே போகும். சுத்தி எத்தனை குடும்பம் மூச்சு விடுது! முடியாது."

அந்தப் பெண் எழுந்து இன்டர்காம் பக்கம் குனிந்தாள்.

"நான்தாங்க பேசறேன். எங்கம்மா வளையலுங்க..."



"யார் கேட்டாலும் முடியாதும்மா. வீட்டுக்குப் போ."

பட்டென்று வைத்துவிட்டார்.

கிளார்க்குக்கு வந்ததே கோபம்!

"பார்த்தீங்களாக்கா? 'போ'வாம்! மரியாதை கிலோ என்ன விலைன்னு கேட்பார் போல. இவர் வீட்டு வளையலா இருந்தா இப்படிப் பேசுவாரா?"

அந்தப் பெண் ஜன்னல் வழியே பார்த்தாள். உயரமான புகைபோக்கி. புகை வருகிறதா என்றுகூடத் தெரியவில்லை. அதன் பின்னால் ஒரு பள்ளிக்கூட மைதானம். பிள்ளைகள் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"விடும்மா. அவர் செஞ்சதுதான் சரி."

"என்னக்கா சரி? எனக்கு வயிறு எரியுது! இந்தக் கல்நெஞ்சுக்காரரைக் கட்டிக்கிட்டு ஒருத்தி எப்படித்தான் குடும்பம் நடத்தறாளோ!"

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"பெருமையாத்தான் நடத்தறேன்."