மில்லுக் கை

"உண்மையைச் சொல்லுங்க. வெளியில எங்க சாப்பிடறீங்க?"

சமையலறைக்குள்ளிருந்து கேள்வி வந்தது. கூடவே பீட்ரூட் நறுக்கும் சத்தமும் வந்தது. டக், டக், டக். மனைவிக்குக் கோபம் ஏற ஏறக் கத்திக்கும் வேகம் ஏறும் என்பது ஏழு வருடக் குடித்தனத்தில் அவனுக்கு மனப்பாடம்.

"எங்கயும் சாப்பிடலை" என்றான், வாசல்படியைத் தாண்டாமல்.

தாண்டக் கூடாது. அது இந்த வீட்டுச் சட்டம். பழைய பிளாஸ்டிக்கை அரைத்துத் தூளாக்கும் மில்லில் பத்து வருடம் மிஷின் ஓட்டியவன் அவன். "உங்க மில்லுக் கை என் சமையல்கட்டுக்குள்ள வரக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். மில்லை விட்டு மூன்று வருடமாகியும் அந்தக் கைக்கு மன்னிப்புக் கிடைத்தபாடில்லை.

"அப்ப இது என்னவாம்?"

அவன் கையிலிருந்த காகிதத்தைக் கத்தி முனையால் காட்டினாள். காலையில் ஆஸ்பத்திரியில் கொடுத்தது. அவனுடைய விந்தைச் சோதித்துப் பார்த்த முடிவு. உயிரணுக்கள் போன வருடத்தைவிடக் குறைவு. பிளாஸ்டிக் துகள்கள் போன வருடத்தைவிட அதிகம்.

"டாக்டரம்மா சொன்னது காதுல விழுந்துச்சுல்ல? 'மில்லை விட்டாச்சுன்னா குறைஞ்சிருக்கணுமே, எங்கேயிருந்தோ இன்னும் உள்ள போய்க்கிட்டேதான் இருக்கு'ன்னாங்க. என் சமையல்லேருந்து போகலை. பின்ன எங்கேருந்து போகுது?"

அவள் கேட்பதில் நியாயம் இருந்தது. அதுதான் அவனுக்கு வலித்தது.

இரண்டு முறை கரு தரித்து, இரண்டு முறையும் மூன்றாம் மாதம் கலைந்துபோனது. இரண்டாவது கலைந்த வாரம் எதையோ படித்துவிட்டு, வீட்டையே ஒரு கை பார்த்தாள். பிளாஸ்டிக் டப்பா, பாட்டில், வாளி, வடிகட்டி என்று ஒன்றுவிடாமல் தெருவுக்குப் போயின. பூஞ்சை பிடித்துக் கிடந்த பழைய மர நறுக்குப் பலகைக்கும் அன்றே விடை கொடுத்து, சுத்தபத்தமாக, பூஞ்சையே பிடிக்காததாகப் புதிதாக ஒன்று வாங்கினாள். கண்ணாடியும் எவர்சில்வரும் அலமாரியில் ஏறின. விடிவதற்கு முன்பே சந்தைக்குப் போய், மருந்தடிக்காத காயாகப் பார்த்துத் துணிப்பையில் வாங்கி வருவாள். பச்சையாகவும் வேகவைத்தும் ஒரு நாளைக்கு இரண்டு கிலோ நறுக்குவாள். தின்னத் தின்ன உடம்பு தானே கழுவிக்கொள்ளும் என்று மலைபோல நம்பினாள். மில்லில் வாங்கியதில் பாதிச் சம்பளத்துக்கு அவன் இரும்புக் கிடங்கில் கம்பி தூக்கப் போனதும் அந்த நம்பிக்கைக்காகத்தான்.

"எனக்கு முப்பத்தொன்பது முடியப் போகுது" என்றாள். "இந்த வருஷத்தை விட்டா அவ்வளவுதான். தெரியும்ல உங்களுக்கு?"

"தெரியும். ஒரு டீ கூட வெளியில குடிக்கலை. என்னை நம்பு."

"நம்பித்தானே ரெண்டைப் பறிகொடுத்துட்டு நிக்கிறேன்."

சத்தம் சட்டென்று நின்றது. விரலில் கத்தி பட்டுவிட்டது. பீட்ரூட் சாறு எது, ரத்தம் எது என்று தெரியவில்லை. விரலை முந்தானையில் சுற்றிக்கொண்டு, அவனை இடித்துத் தள்ளாத குறையாக அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அழுகிற சத்தம் வெளியே கேட்டது.

மிச்சக் காயையாவது நறுக்கி வைப்போம் என்று, மூன்று வருடத்தில் முதல் தடவையாகப் படியைத் தாண்டினான். திருடப் போனவனைப் போல ஒரு பயம். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டான். நறுக்கிய துண்டுகள் எப்படி ஒதுக்கினாலும் பலகையின் நடுவிலேயே வந்து குவிந்தன. எல்லாவற்றையும் தட்டில் தள்ளிவிட்டுப் பலகையைக் குழாயடியில் பிடித்தான்.

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவன் அப்படியே நின்றான்.

"யாரு உங்களை உள்ள வரச் சொன்னது?" விரலில் துணிக்கட்டோடு அவள் வாசலில் நின்றாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. "கடைசியாக் கேக்கறேன். எங்கேயாவது சாப்பிட்டீங்களா, இல்லையா?"

அவன் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு அந்த விரல்கட்டைப் பார்த்தான்.

"சாப்பிட்டேன்" என்றான்.

"எங்க?"

"கிடங்குக்கு எதிர்க்கடையில. மத்தியானம் மத்தியானம். கொதிக்கக் கொதிக்க பிளாஸ்டிக் கவர்ல கட்டித் தருவான்."

"தினமுமா?"

"தினமும்."

"நான் கட்டிக் கொடுத்ததெல்லாம்?"

"நாய்க்குப் போட்டேன்."

அவள் கத்துவாள் என்று நினைத்தான். கத்தவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"பிறக்க வேண்டிய பிள்ளையையும் சேர்த்துத் தின்னுட்டீங்க" என்றாள், மெதுவாக.

சந்தைக்குக் கொண்டுபோகும் அதே துணிப்பையில் நாலு துணியை அள்ளிப் போட்டுக்கொண்டு, அக்கா வீட்டுக்குப் போகிறேன், தேடி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். அவன் தடுக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தான். தெருமுனை திரும்பும்வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான், மூன்று வருடமாக வெளியில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காத அந்த மனிதன், கையிலிருந்த பலகையை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தான். ஓரத்தில் இன்னும் பெருவிரல் பருமன் இருந்த அந்த வெள்ளைப் பிளாஸ்டிக், நடுவில் தெரு வெளிச்சம் தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. தேய்ந்ததெல்லாம் தூளாகி யார் வயிற்றுக்குப் போனது என்று மில்லுக் கைக்குத் தெரியும், அவளுக்குத் தெரிய வேண்டாம்.